தன்னம்பிக்கையை வளர்ப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுச்சேரியின் கதிர்காமம் கொஞ்சம் மெதுவாகத்தான் கண் விழிக்கும். வழுதாவூர் சாலையில் வண்டிகள் குறைவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் கூட்டமும் இன்னும் தொடங்கியிருக்காது. அந்த அமைதியில்தான் எங்கள் தெருவில் ஓர் அக்கா ஸ்கூட்டர் பழக இறங்கினார். வயது நாற்பதைத் தாண்டியவர். அதற்கு முன் மூன்று முறை எல்.எல்.ஆர் எடுத்து, மூன்று முறையும் ஆறு மாதம் ஓடிப்போய்க் காலாவதி ஆகியிருந்தது. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் ஓட்டிக்கிறேன்."

முதல் நாள் வண்டி நகர்ந்தது பத்தடிகூட இருக்காது. இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனார். பின்னால் மகன் கம்பியைப் பிடித்தபடி, "அம்மா, ஆக்சிலேட்டரை விடு, பிரேக்கைப் பிடி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். பால் வாங்க வந்தவர் ஒருவர் நின்று பார்த்தார். அக்கா உடனே வண்டியை நிறுத்திவிட்டார். "நாலு பேர் பாக்குறாங்கடா, நாளைக்குப் பாத்துக்கலாம்." மகன் விடவில்லை. ஐந்தாவது ஞாயிறு அக்கா தனியாகவே வழுதாவூர் சாலையில் ஏறிவிட்டார்.

அவர் காத்திருந்த தைரியம் எப்போது வந்தது? வண்டியில் ஏறிய பிறகு, அதுவும் தவணை முறையில். இந்த வழிகாட்டி முழுவதும் சொல்ல வருவது இதைத்தான். தன்னம்பிக்கை வந்த பிறகு செய்யலாம் என்று இருப்பவருக்கு அது வருவதே இல்லை. சிறிதாகச் செய்யத் தொடங்கியவருக்குத்தான் வருகிறது.

தன்னம்பிக்கை என்றால் என்ன?

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, 1977இல் ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு நான்கு ஊற்றுகளை அவர் காட்டினார்: நாமே செய்து பார்த்து ஜெயித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நாம் மதிப்பவர் சொல்லும் ஊக்கச் சொல், நம் உடம்பும் மனமும் இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தன்னம்பிக்கை மொத்த மனிதனுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐம்பது பேருக்குக் கல்யாணச் சமையல் செய்பவர் வங்கிப் படிவத்தைக் கண்டால் தயங்குவார். மேடையில் முழங்குபவருக்குத் தண்ணீரில் இறங்கப் பயம். ஆகவே "எனக்குத் தன்னம்பிக்கையே கிடையாது" என்று யார் சொன்னாலும் அது உண்மையாக இருக்க முடியாது. எந்தக் காரியத்தில் இல்லை என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

படி 1: ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "தைரியமாக இருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதை எப்படி அளப்பது? "பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்", "மேலதிகாரியிடம் லீவு கேட்கும்போது தலை குனியாமல் பேச வேண்டும்", "தனியாகச் சென்னைக்குப் பஸ் ஏறிப் போய்வர வேண்டும்" என்று எழுதுங்கள். பார்த்தால் நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடக்கூடியதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குறளின் 48ஆம் அதிகாரமான வலியறிதல், ஒரு செயலில் இறங்குமுன் அந்தச் செயலின் வலிமை, நம் வலிமை, எதிரியின் வலிமை, இரு பக்கத்துத் துணையின் வலிமை எல்லாவற்றையும் எடைபோடச் சொல்கிறது. உங்கள் நோட்டிலும் அதே நான்கு கட்டங்களைப் போடலாம். காரியம் எவ்வளவு கடினம்? என்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது? எது தடுக்கும்? யார் துணைக்கு வருவார்?

படி 2: ஏணியைக் கட்டுங்கள்

நம் ஊர்ப் பெயரையே உடைய இலங்கைக் கதிர்காமத்துக்கு, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து அடியார்கள் பாதயாத்திரை போவார்கள். கிழக்குக் கரை வழியாகப் பல வார நடை. மொத்தத் தூரத்தையும் நினைத்தால் காலே எழாது. அடுத்த தங்குமிடம் வரைதான் அன்றைய கணக்கு.

உங்கள் காரியத்தையும் அப்படித் தங்குமிடங்களாகப் பிரியுங்கள். கூட்டத்தில் பேசப் பயம் என்றால் ஏணி இப்படி இருக்கலாம்:

1. வீட்டில் தனியாக நின்று இரண்டு நிமிடம் உரக்கப் பேசுவது.
2. அதையே செல்போனில் பதிவு செய்து ஒருமுறை கேட்பது.
3. வீட்டில் ஒருவர் முன்னால் பேசுவது.
4. அறிமுகமில்லாத ஒரு கடைக்காரரிடம் பொருளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பது. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். விலை பேசிப் பாருங்கள். வாங்காமல் வந்தாலும் பாடம் பாடம்தான்.
5. ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு கருத்துச் சொல்வது.
6. கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பது.

முதல் படி சிரிப்பு வரும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். ஒரு படியில் நின்று படபடப்பு பாதியாகக் குறையும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு அடுத்த படி. அவைக்கு அஞ்சுவது நம் குறை மட்டும் என்று எண்ணிக் குன்ற வேண்டாம். 'அவையஞ்சாமை' என்று தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் வள்ளுவர், 73ஆவது. அன்றைக்கே கற்றவர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது.

படி 3: உங்களைப் போன்ற ஒருவரைப் பாருங்கள்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என்று முடிவானது. ஊர் கேலி பேசியது. சைக்கிள் பழகச் சொல்லி அறிவொளித் தொண்டர் ஒருவர் எழுதிய பாட்டு ஊர் ஊராகப் போனது. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்கள் பழகியது சாம்பியன்களைப் பார்த்து அல்ல. குவாரியில் கல் உடைப்பவர், அங்கன்வாடி ஊழியர், கூலி வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் என்று தங்களைப் போன்றவர்களைப் பார்த்துத்தான் ஏறினார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்க, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது.

யூடியூபில் கோடீஸ்வரர்களின் பேச்சைக் கேட்பதைவிட, போன வருஷம் உங்களைப் போலவே பயந்து, இந்த வருஷம் செய்துகொண்டிருக்கும் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் நாள் எப்படிச் சொதப்பினார் என்று கேளுங்கள். அந்தக் கதைதான் உங்களுக்குத் தேவை.

படி 4: 'நாலு பேர்' யார் என்று எண்ணிப் பாருங்கள்

நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்பதுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு சோதனையாகவே செய்தார்கள். அதன் முடிவு 2000இல் வெளியானது. ஒரு மாணவருக்குக் கூச்சம் தரும் படம் போட்ட சட்டையை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள் அப்படிச் சட்டை போட்ட மாணவர்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

எங்கள் தெருவில் நின்று பார்த்தாரே பால் வாங்க வந்தவர், பிறகு ஒருநாள் அவரிடம் கேட்டேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை.

உங்கள் நாலு பேரின் பெயரை நோட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு பெயருக்கு மேல் எழுத வராது. அந்த இரண்டில் யாருடைய கருத்து உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும்? அவரிடம் நேராகப் போய்க் கேளுங்கள். மற்றவர்களுக்கு அவரவர் கவலை இருக்கிறது.

படி 5: உடம்பைத் துணைக்குச் சேருங்கள்

கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் "உன்னால் முடியாது" என்பதற்கு அடையாளம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் குழந்தைக்கும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கிறது. பேசப் போகுமுன் "அமைதியாக இரு" என்று தன்னை அடக்கியவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் மேலாகப் பேசினார்கள் என்று ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது.

செய்ய வேண்டியவை எளியவை. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து முறை போதும். இரவுத் தூக்கத்தைத் திருடாதீர்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு: மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலை.

படி 6: வரவுக் கணக்கு எழுதுங்கள்

மளிகைக் கணக்கு எழுதும் கை இதையும் எழுதலாம். இரவு படுக்குமுன் மூன்று வரி: இன்று எந்தப் படியை முயன்றேன், என்ன நடந்தது, நாளை என்ன. "இன்று வண்டி மூன்று முறை அணைந்தது, நான்காவது முறை தெருமுனைவரை போனேன்" என்பது போதும். வசை பத்து நாள் நிற்கிறது, வெற்றியோ பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. எழுதி வைத்தால்தான் கணக்கு நேராகும். மனம் துவளும் நாளில் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். யார் புகழ்ச்சியும் தராத ஆதாரம் அதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

படி 7: விழும் நாளுக்கும் திட்டம் வையுங்கள்

விழாமல் யாரும் பழகியதில்லை. விழுந்த அன்று செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, உங்கள் தோழி இப்படி விழுந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ அதையே உங்களுக்கும் சொல்லுங்கள். இரண்டு, "நான் உதவாக்கரை" என்பதை அடித்துவிட்டு, "திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை" என்று எழுதுங்கள். மூன்று, ஒரு படி கீழே இறங்கி, இரண்டு நாளுக்குள் மறுபடி தொடங்குங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் பயம் மறுபடி வீடு கட்டிக்கொள்ளும்.

இவற்றை நம்பி ஏமாறாதீர்கள்

கண்ணாடி முன் நின்று "நான் சாதனையாளன்" என்று நூறு முறை சொல்லச் சொல்பவர்கள் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் இதைச் சோதித்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களுக்கு இப்படிச் சொல்வது மனநிலையை இன்னும் கீழே தள்ளியது. உள்மனம் "பொய்" என்று எதிர்ப்பேச்சு பேசுகிறது. "நேற்று இரண்டு வரி பேசினேன், இன்று மூன்று பேசுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதை மறுக்க மனத்திடம் ஆதாரம் இல்லை.

இரண்டு நிமிடம் கம்பீரமான தோரணையில் இருந்தால் தைரியம் ஊறும் என்று 2010இல் வந்த ஆய்வும் பிரபலம். அதன் ஆசிரியர்களில் ஒருவரான டேனா கார்னியே, அந்த விளைவில் தனக்கு நம்பிக்கையில்லை என்று 2016இல் அறிவித்துவிட்டார்.

எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வெளியே போகவே முடியாத அளவுக்குப் பயம், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் அது தன்னம்பிக்கைக் குறை என்று நினைத்து நோட்டும் ஏணியுமாகக் காலம் கடத்தாதீர்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல் போக வேண்டிய விஷயம் அது. கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கோரிமேடு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மகிழ்ச்சி இதில் எங்கே வருகிறது?

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஓர் ஆய்வு, நீண்ட நாள் நிறைவோடு வாழ்பவர்களிடம் பொதுவாக இருப்பது நல்ல உறவுகள் என்று சொல்கிறது. தன்னம்பிக்கைக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு உண்டு. தன்மேல் நம்பிக்கை வந்தவர் உதவி கேட்கக் கூசமாட்டார், மன்னிப்புக் கேட்கத் தயங்கமாட்டார், பிறர் ஜெயித்தால் வயிறு எரியமாட்டார். வீட்டில் மனிதர்கள் நெருங்கி வருவது அப்போதுதான்.

எங்கள் தெரு அக்கா இப்போது காலையில் மகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறார். போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மறுபடி அதே தெருவில் பார்த்தேன். இந்த முறை ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தது எதிர்வீட்டு அம்மா. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது அக்கா.

நோட்டை எடுங்கள். முதல் படியை இன்றைக்கே எழுதி, நாளைக் காலை பத்தடி நகருங்கள். மீதித் தைரியம் வழியில் வந்து சேர்ந்துகொள்ளும்.