சட்ட ஆனர்ஸ் ஆய்வேடு: கேள்வி முதல் வாய்மொழித் தேர்வு வரை

சட்டப் படிப்பின் ஆனர்ஸ் ஆய்வேடு, ஒரே ஒரு சட்டக் கேள்விக்கு ஆதாரங்களோடு விடை சொல்லும் எழுத்து. பாதி வெற்றி அந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதிலேயே இருக்கிறது. ‘இந்தியாவில் அந்தரங்க உரிமை’ என்று மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாடநூல் ஒன்றின் சுருக்கம்தான் மிஞ்சும். ‘குற்ற வழக்கில் விடுதலையானவருக்கு, இணையத்தில் கிடைக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கும்படி கேட்க உரிமை உண்டா?’ என்று குறுக்கினால் ஆய்வு தொடங்குகிறது.

கேள்வி தாங்குமா என்று பார்க்க எளிய வழி, நியாயமான இரண்டு விடைகள் அதற்கு உண்டா என்று தேடுவது. மேற்சொன்ன கேள்விக்கு உண்டு. பெயரை நீக்க 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நீதிபதிகளே வேறுபடும் இடத்தில் மாணவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்ட விஷயத்தில் அது அரிது. நெறியாளரை முதன்முறை சந்திக்கும்போதே கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொண்டுபோவது நல்லது. இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் கேள்வி இன்னும் அகலமாக இருக்கிறது.

அடுத்தது தேடல். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்கள் பெரும்பாலும் கல்லூரி நூலகம் வழியாகக் கிடைக்கும். இந்தியன் கானூன் தளம் தேடுவதற்கு வசதி. மேற்கோளை மட்டும் அதிகாரபூர்வப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தே எடுக்க வேண்டும். ஒரு முக்கியத் தீர்ப்பு கையில் கிடைத்தால் இரண்டு திசையிலும் நடக்கலாம்: அது சுட்டிய பழைய தீர்ப்புகள் ஒரு பக்கம், பிற்பாடு அதைச் சுட்டிய தீர்ப்புகள் மறுபக்கம். தேடத் தேட ஏற்கெனவே பார்த்த பெயர்களே திரும்ப வந்தால் தேடல் போதுமான அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

அதிக நேரம் கேட்பது தீர்ப்புகளை வாசிக்கும் வேலை. அது கேட்கும் அளவுக்கு நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். தீர்ப்பின் மேலே வரும் சுருக்கமான ஹெட்நோட்டை மட்டும் படித்துவிட்டு எழுதிய பத்தி தேர்வாளரின் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு போதும். ஆனால் அதில் ஆண்டு, அமர்வில் எத்தனை நீதிபதிகள், வழக்கின் நிகழ்வுகள், நீதிமன்றம் உண்மையில் தீர்த்த கேள்வி, தீர்ப்புக்கு அடிப்படையான காரணம், போகிற போக்கில் சொன்ன கருத்துகள், மாறுபட்ட தீர்ப்பு இருந்தால் அதன் வாதம் ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும்.

நீதிபதிகளின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு அந்தரங்க உரிமையின் வரலாறே சான்று. 1954இல் எம்.பி. சர்மா வழக்கை எட்டு நீதிபதிகளும், 1962இல் கரக் சிங் வழக்கை ஆறு நீதிபதிகளும் தீர்த்தனர். இரண்டும் அந்தரங்க உரிமைக்குச் சாதகமாக இல்லை. பின்னால் அந்த உரிமையை ஏற்ற தீர்ப்புகள் சிறிய அமர்வுகளிடமிருந்து வந்தவை. சிறிய அமர்வு பெரிய அமர்வை மீற முடியாது என்ற வாதம் 2015இல் எழுந்ததால்தான், 2017இல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் கூடி அந்த உரிமையை உறுதிசெய்ய வேண்டியிருந்தது. எண்ணிக்கையைக் குறித்துவைக்காத மாணவருக்கு இந்தக் கதையே புரியாது.

புட்டசாமி தீர்ப்பு இன்னொரு பாடமும் தருகிறது. ‘மறக்கப்படும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2017இல் ஏற்றது’ என்று எழுத மாணவருக்குத் தோன்றலாம்; பெயரை நீக்கக் கேட்பது இந்த உரிமையின் பெயரில்தான். அந்தத் தீர்ப்பில் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள் உள்ளன. மறக்கப்படும் உரிமையைப் பற்றி விரிவாகப் பேசுவது நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தனியாக எழுதிய உரை. அந்த உரிமை அன்று தீர்க்கவேண்டிய கேள்வியாகவும் இருக்கவில்லை. அதை முழு நீதிமன்றத்தின் முடிவாக எழுதினால் வாதத்தின் அடித்தளமே ஆடிவிடும். தனி நீதிபதியின் கருத்து என்று சொல்லியே பயன்படுத்தினால் அதற்குரிய எடை அதற்குக் கிடைக்கும்.

தன் விடைக்கு எதிரான தீர்ப்பைத் தேடிப் பிடிப்பதும் மாணவரின் கடமையே. பெயரை நீக்கலாம் என்று வாதிடுபவர் 1994ஆம் ஆண்டின் ராஜகோபால் வழக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த ‘நக்கீரன்’ இதழை அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததில் எழுந்த வழக்கு அது. நீதிமன்றப் பதிவுகள் உட்படப் பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடுவது அந்தரங்க மீறல் ஆகாது என்றும், பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்ணின் அடையாளம் விதிவிலக்கு என்றும் இரு நீதிபதிகள் கூறினர். அன்று தேடுபொறிகள் பரவலாக இல்லை. இன்று பெயரைத் தட்டினால் பழைய வழக்கு முதலில் வந்து நிற்கிறது. இந்த வேறுபாடு சட்டத்தை மாற்றப் போதுமானதா? ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

சட்டப் பிரிவுகளை மூலப் பிரதியிலிருந்தே எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய, புதிய எண்கள் இரண்டையும் தருவது அவசியம்: பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பற்றிய பழைய 228ஏ பிரிவு இப்போது 72.

வெளிநாட்டு ஒப்பீடு அலங்காரமாக வரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் கூகுள் ஸ்பெயின் வழக்கில் தேடல் முடிவிலிருந்து இணைப்பை நீக்கச் சொன்னது; அந்த இணைப்பு காட்டிய நாளிதழ்ப் பக்கம் அப்படியே இருந்தது. தீர்ப்பையே திருத்தும் கேள்விக்கு அது நேரடி விடை ஆகாது என்பதை எழுதிவிட்டால் ஒப்பீடு பயன்படும்.

எழுதத் தொடங்கும்போது முன்னுரையை விட்டுவிட்டு, மிகத் தெளிவாக இருக்கும் நடு அத்தியாயத்தில் கை வைக்கலாம். விடை முழுதாக உருவான பிறகே முன்னுரை சரியாக வரும். அடிக்குறிப்பை அந்த வாக்கியம் எழுதும்போதே பத்தி எண்ணுடன் போட்டுவிட வேண்டும். பிறகு தேடுவது பெரும்பாடு. எந்த மேற்கோள் முறை என்பதைப் பல்கலைக்கழக விதி சொல்லும். செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் தீர்ப்பு எதையும் மூலத்தில் பார்க்காமல் சேர்க்கலாகாது: இல்லாத தீர்ப்புகளை மனுவில் காட்டியதற்காக 2023இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது.

சட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், எந்தத் தேதி வரையிலான தீர்ப்புகள் கணக்கில் எடுக்கப்பட்டன என்பதை முன்னுரையில் குறிப்பிட வேண்டும். வாய்மொழித் தேர்வில் அந்தத் தேதிக்குப் பிந்தைய தீர்ப்பைப் பற்றியும் கேட்பார்கள். அது தன் வாதத்தை வலுப்படுத்துகிறதா, சேதப்படுத்துகிறதா என்று சொல்லத் தயாராகப் போவதும் தயாரிப்பின் ஒரு பகுதி.