கொக்கிப்புழுவை ஆய்வகம் கண்டறிவது எவ்வாறு?

தாமிரவருணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. அதன் வடகாலும் தென்காலும் பாயும் இவ்வட்டாரத்தில் நெல்லும் வாழையும் பயிரிடுவோர் பலர். சேற்றிலும் ஈரமண்ணிலும் வெறுங்காலுடன் உழைக்கும் இவர்களுள் சிலர் ஓயாத களைப்பு, மூச்சு வாங்குதல், முக வெளுப்பு ஆகிய குறைகளுடன் எங்களிடம் வருகின்றனர். ஹீமோகுளோபின் குறைந்திருப்பதைக் கண்ட மருத்துவர் மலப் பரிசோதனையும் எழுதித் தருகிறார். "இரத்தம் குறைந்ததற்கு மலத்தை ஏன் பார்க்க வேண்டும்?" என்று அவர்கள் கேட்பதுண்டு. கூச்சத்தால் மாதிரி தராமலே வீடு திரும்புவோரும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

புழு வரும் வழி

மண்ணில் கலந்த மனித மலத்திலுள்ள முட்டைகள் பொரிந்து நுண்ணிய இளம்புழுக்களாகின்றன. அவை பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் தங்குகின்றன. எகிப்தில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவ்வழியைத் தற்செயலாக அறிந்தார். இளம்புழுக்கள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது, அவ்விடம் அரித்தது. சில வாரங்களுக்குப் பின் தம் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார்.

குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏற்படும் இழப்பு, அதன் வகைக்கேற்ப ஏறத்தாழ 0.03 முதல் 0.2 மில்லி வரையாகும். இது சிறிதே. ஆயினும் நூறு புழுக்கள் பல மாதங்கள் இருப்பின் உடலின் இரும்புச்சத்து தீர்ந்துபோகும். கருவுற்ற தாய்மார்க்கும் வளரும் குழந்தைகட்கும் இது பெருங்கேடாகும்.

நுண்ணோக்கியில் காண்பது

மலத்தில் பெரும்பாலும் புழு தென்படுவதில்லை, முட்டைகளையே தேடுகிறோம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீரிலும் ஒரு துளி அயோடினிலும் மாதிரியைக் கரைத்துப் பார்க்கிறோம். உப்புநீரில் உயிருள்ள அமீபாவின் அசைவு தெரியும். அயோடினில் உள்ளமைப்பு தெளிவாகும்.

கொக்கிப்புழு முட்டை நீள்வட்டமானது. ஓடு மெல்லியது, நிறமற்றது. உள்ளே நான்கு முதல் எட்டு வரை உயிரணுக்கள் தெரியும். உருண்டைப்புழு முட்டையின் மேற்புறம் கரடுமுரடாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும். சாட்டைப்புழு முட்டை இருமுனையிலும் அடைப்புள்ள பீப்பாய் போன்றது. வடிவறிந்தே வகை அறிகிறோம். வகையறிந்தே மருத்துவர் மருந்தைத் தீர்மானிக்கிறார்.

மாதிரி தரும் முறை

1. நாங்கள் தரும் உலர்ந்த புட்டியில் சிறு நெல்லிக்காயளவு போதும். சிறுநீரோ தண்ணீரோ மண்ணோ கலத்தலாகாது.

2. சளியோ இரத்தமோ இருப்பின் அப்பகுதியையே எடுங்கள்.

3. நீர்த்த மலமாயின் அரைமணி நேரத்திற்குள்ளும், கெட்டியானதாயின் இரண்டு மணி நேரத்திற்குள்ளும் தாருங்கள். முதல்நாள் மாதிரியைக் கொணர வேண்டா. நேரம் கடந்தால் அமீபா மடிந்துவிடும். கொக்கிப்புழு முட்டை பொரிந்து, வெளிவரும் இளம்புழு வேறொரு வகைப் புழுவெனத் தவறாகக் கொள்ளப்படவும் கூடும்.

4. ஆன்டிபயாடிக், விளக்கெண்ணெய், அமில முறிப்பு மருந்து ஆகியவற்றை உட்கொண்டிருந்தால் முன்னரே கூறுங்கள்.

"காணப்படவில்லை" என்றால்?

புழுவே இல்லை என்று அதற்குப் பொருளன்று. முட்டைகள் எல்லா நாளும் ஒரே அளவில் வெளிவருவதில்லை. புழு உட்புகுந்த முதல் சில வாரங்களில் முட்டையே இராது. ஆதலின் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று மாதிரிகள் கேட்கிறோம். இது அலைக்கழிப்பன்று.

சில ஒட்டுண்ணிகளை மலத்தில் தேடிப் பயனில்லை. குழந்தைகளின் ஆசனவாய் அரிப்புக்குக் காரணமான கீரிப்பூச்சியின் முட்டைகளை, காலையில் கழுவுமுன் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கிறோம். யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் நம் நாட்டில் இரவிலேயே வெளியோட்ட இரத்தத்தில் மிகுதலால், இரவு பத்து மணிக்கு மேல் இரத்தம் எடுக்கிறோம். மலேரியாவுக்கு, மருந்து தொடங்குமுன் விரல்நுனி இரத்தம் வேண்டும்.

மருந்தும் அதன் பின்னரும்

கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒருவேளை தரப்படுவது வழக்கம். புழு நீங்கினாலும் இழந்த இரத்தம் தானே நிரம்பாது; இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் கூறிய மாதங்கள் முழுவதும் உண்ண வேண்டும். கருவுற்றோர் மருத்துவரைக் கேளாது பூச்சிமருந்து உட்கொள்ளலாகாது. தேசிய குடற்புழு நீக்க நாட்களான பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகியவற்றை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் மாத்திரையைப் பிள்ளைகள் தவறவிடாதிருக்கட்டும்.

வயலுக்குச் செல்வோர் இயன்றவரை காலணி அணிவதும், எல்லோரும் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் மறுபடி புழு தொற்றாமல் காக்கும். மாதிரிப் புட்டியை நீட்டுகையில் நாணம் வேண்டா. அதிலுள்ள செய்தியைப் படித்து உங்கள் மருத்துவரிடம் சேர்ப்பதே எங்கள் பணி.