எந்த விதி என்று கேள்

நல்லூர்

அன்புள்ள தம்பிக்கு,

டிவி விவாதத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அரசுப் பள்ளி வாத்தியார் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போகலாம். ஆனால் அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்துகொண்டு போ. கோர்ட்டில் நியாயம் கிடைத்துவிடும், தாமதமாக. 2005இல் பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது போட்ட 23 வழக்குகளையும் உச்ச நீதிமன்றம் 2010இல் தள்ளிவிட்டது. நடுவில் போன ஐந்து வருஷத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

எழுத்தாளர் பெருமாள்முருகன் விஷயத்தைப் பார். அவருடைய 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். எதிர்ப்பு கிளம்பியது 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் 'அமைதிப் பேச்சு'. வருத்தம் என்று எழுதிக் கொடுத்தது போதவில்லை; நிபந்தனையற்ற மன்னிப்பு என்று மாற்றி எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான், இனி ஆசிரியர் பெ. முருகன் மட்டுமே என்று அவர் அறிவித்தார். அந்த ஆசிரியரும் நாமக்கல்லில் இருக்க முடியாமல் சென்னைக்கு மாறிப் போனார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் அன்று பேனாவைப் பிடிக்க வைத்தது சட்டம் இல்லை, வெளியே திரண்ட கூட்டம்.

அரசுச் சம்பளம் வாங்குகிறவனுக்கு வாய் எதற்கு என்பார்கள். 1973ஆம் வருஷத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசின் கொள்கையை ஊடகத்தில் விமர்சிக்கக் கூடாது என்கின்றன. அதை மதித்துப் பேசு. ஆனால் வேலையில் சேர்ந்ததாலேயே அடிப்படை உரிமை போய்விடாது என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லியாகிவிட்டது. தனியார் கம்பெனிக்காரன் பாடு இன்னும் மோசம். அவனுக்கு நியமன உத்தரவும் தொழிலாளர் சட்டமும்தான் துணை. ஒரு சாதியை இழிவாகப் பேசுகிற வாத்தியாரையும் விட்டுவிடுவதா என்றால், கூடாது. அவன் கையில்தான் அந்தச் சாதிப் பிள்ளைகளின் விடைத்தாளும் இருக்கிறது. அவன் பேச்சு அவன் வேலையையே தொடுகிறது. நம் விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பையைத் தட்டி, ஓசை கேட்டுத்தான் ஒதுக்குவார்கள். சந்தையில் எவனோ கத்தினான் என்று ஒதுக்குவதில்லை. வாத்தியாரையும் அப்படித்தான் எடைபோட வேண்டும்.

அதனால், பேசிய பிறகு யாராவது கூப்பிட்டு மன்னிப்பு எழுதிக் கொடு என்றால், எந்த விதி, எந்த வாக்கியம் என்று எழுத்தில் கேள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. தேதி முடிவானதும் சொல், பெரியம்மா டிவி முன்னால் உட்காரக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா