நினைவகத்தில் இடம் போதாவிட்டால்?

கணிப்பொறியில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் ஓடினாலும், நினைவகம் முழுவதும் தனக்கே உரியது என்று ஒவ்வொரு நிரலும் எண்ணிக்கொள்கிறது. அப்படி எண்ண வைப்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல்.

இந்த உபாயத்தை முதலில் கையாண்டது, 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைக்கப்பெற்ற அட்லஸ் கணிப்பொறி. அதன் விரைவான நினைவகத்தில் 32 ‘பக்கங்களே’ அடங்கும். மெதுவான காந்த உருளையிலோ 192. நிரல் கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையெனில், நிரலைச் சற்று நிறுத்திவிட்டு உருளையிலிருந்து அது கொண்டுவரப்படும். இன்றைய லினக்ஸ் கெர்னலும் வட்டை இவ்வாறே பயன்படுத்துகிறது. வழக்கமாக ஒரு பக்கம் 4096 பைட்டு.

இடமில்லாதபோது எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது? வெளியேற்றியதையே மறுகணம் நிரல் கேட்டால் உழைப்பு வீண்! ஆகவே நெடுநேரம் தொடப்படாத பக்கத்தைக் கெர்னல் தேடுகிறது. அதன் பிரதி மாறாமல் வட்டில் இருந்தால், மீண்டும் எழுதும் வேலையும் மிச்சம்.

நிரல்கள் அளவுக்கு மிஞ்சினால், பக்கங்களை மாற்றுவதிலேயே பொழுது கழிந்து வேலை நின்றுபோகும். பரீட்சைக்கு முந்திய இரவு சிறு மேசையில் ஐந்து புத்தகங்களை மாற்றி மாற்றி விரித்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஒரு நிரலுக்கு அப்போதைக்கு வேண்டிய பக்கங்கள் எல்லாம் ஒருசேர நினைவகத்தில் இருக்க வேண்டும் என்று 1968-இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். அதற்கு இடமில்லையெனில், ஒரு நிரலை முழுவதுமாக வெளியே நிறுத்துவதே வழி. அன்றிரவு நான் பூகோளத்தை மூடி வைத்திருக்கலாம்!