சும்மா இருக்கும்போதும் இரைகிறதா கிராபிக்ஸ் கார்டு?

கடிதம் அடிப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் கிராபிக்ஸ் கார்டின் விசிறி சுழலவே தேவையில்லை. இப்போதைய கார்டுகள் பலவற்றில் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வரை விசிறி நின்றே இருக்கும். உங்களுடையது இரைந்துகொண்டே இருந்தால், முதலில் டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் அதன் வெப்பநிலையைப் பாருங்கள்.

பல வீடுகளில் குற்றவாளி மானிட்டர்தான். 144 ஹெர்ட்ஸில் ஓடும் திரை, அதிலும் இரண்டு திரைகள் என்றால், சில கார்டுகளின் மெமரி வேகம் இறங்காமல் உச்சத்திலேயே நிற்கும். வேலை இல்லாமலே சூடு. 60 அல்லது 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். என்விடியா கார்டு என்றால், கண்ட்ரோல் பேனலில் பவர் மேனேஜ்மென்ட் ‘மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்’ என்று இருக்கிறதா பார்த்து, ‘நார்மல்’ ஆக்குங்கள். அசையும் வால்பேப்பரும் கார்டைத் தூங்கவிடாது. அழகுதான், ஆனால் எனக்கு வேண்டாம்.

கோடையில் அறையே 35 டிகிரி இருக்கும்போது, விசிறி தொடங்கும் எல்லையிலேயே கார்டு நிற்கும். விசிறி ஓடுவதும் நிற்பதுமாக எரிச்சலூட்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளில் விசிறி தொடங்கும் வெப்பநிலையைச் சற்று உயர்த்தலாம். அல்லது குறைந்த வேகத்தில் தொடர்ந்து ஓடவிடலாம். இரண்டாவதுதான் என் தேர்வு. விட்டுவிட்டு வரும் சத்தத்தைவிட ஒரே சீரான முணுமுணுப்பு காதுக்குத் தெரியாது.

தூசி தட்டும்போது கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.