புள்ளி மறைந்த பிறகும் ஆறு மாதம்

கேள்வி: என் ஏழு வயது மகனுக்குக் கால்களில் ஊதாப் புள்ளிகள். ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் என்று சொன்ன டாக்டர், ஸ்டீராய்டு தரவில்லையே?

பதில்: தராததில் தவறில்லை. சிறு ரத்தக் குழாய்களில் வரும் இந்த அழற்சி, பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். ஸ்டீராய்டு வயிற்றுவலியைத் தணிக்கலாம். ஆனால் இந்த நோய் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால், தொடக்கத்திலேயே கொடுத்தால் அது தப்பிக்கும் என்ற நம்பிக்கையை, 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு உட்பட முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ‘எதற்கும் கொடுத்து வைக்கலாமே’ என்பீர்கள். ரத்த அழுத்தம் ஏறும், நோய்த்தொற்று எளிதாகும்; சும்மா கொடுத்து வைக்கிற மருந்தல்ல அது. கண்ணுக்குத் தெரியும் புள்ளியைவிட, வலியே காட்டாத சிறுநீரகப் பாதிப்புதான் கவலைக்குரியது. ஆகவே 6 மாதம்வரை, டாக்டர் சொல்லும் இடைவெளியில், சிறுநீரில் ரத்தமோ புரதமோ கலக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். (பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பெற்றோர் மறப்பது இதைத்தான்.) கடும் வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், விரை வீக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.