எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது

குழந்தைகள் காப்பகங்களை ஆய்வு செய்து உரிமத்துக்குப் பரிந்துரைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு:

1. கும்பகோணத்தை மறந்துவிடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கீற்றும் குறுகிய படிக்கட்டும் இடநெருக்கடியும் அன்று காலையில் முளைத்தவை அல்ல. போய் நின்று பார்க்கிற எவர் கண்ணிலும் படக்கூடியவை. நம் வேலை அப்படிப் போய் நின்று பார்ப்பதுதான்.

2. ஒவ்வொரு விதியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதை மீறினால் ஒரு குழந்தையின் உயிருக்கோ உடம்புக்கோ கேடு வருமா? வரும் என்றால் ஒரு நாள்கூட அவகாசம் தராதீர்கள். வராது என்றால், அந்த விதியின் நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்ற முடியுமா என்று நடத்துபவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மற்ற அறிவுரைகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

3. முதலில் பார்க்க வேண்டியவை: குழந்தைகள் இருக்கும் அறையில் அடுப்பு கூடாது. வெளியேறும் வழியில் பூட்டோ மூட்டையோ இருக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். தவழும் குழந்தை மூழ்க ஒரு வாளித் தண்ணீர் போதும். ஃபினாயிலும் மருந்தும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குழந்தையை அழைத்துப்போக வருபவர் யார் என்பது ஆயாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. ஆயாக்களின் எண்ணிக்கையில் இளகாதீர்கள். தீப்பிடித்தால் ஒருத்தி இரு கைகளில் எத்தனை கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும்? அதை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். பதிவேட்டை நம்பாமல் தலைகளை எண்ணுங்கள். மத்தியானத் தூக்க நேரத்தில் போங்கள். ஆட்கள் சாப்பிடப் போய்விடுவது அப்போதுதான்.

5. மற்றவற்றில் தாராளமாக இருங்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் இரவு வரை வேலை பார்க்கும் தாய்க்கு, மாலை ஐந்து மணிக்குப் பூட்டும் காப்பகத்தால் என்ன பயன்? நேரம் நீளட்டும், ஆயாக்கள் முறைபோட்டு வரட்டும். சொந்த விளையாட்டுத் திடல் இல்லையா? பக்கத்துப் பூங்கா போதும். பட்டம் இல்லாத ஆனால் குழந்தை வளர்ப்பில் தேர்ந்த பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் தொடர விடுங்கள். 1969-இல் டெல்லியில் மீரா மகாதேவன் கட்டுமானத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் தொடங்கியது ஒரு கூடாரத்தில்தான். கான்கிரீட் கட்டடம் கட்டிவிட்டு வா என்று அவரை அனுப்பியிருந்தால், பிள்ளைகள் ஜல்லிக் குவியலிலேயே கிடந்திருப்பார்கள்.

6. சட்டம் எட்டாத இடங்களைத் தெரிந்துவைத்திருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குத்தான் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976-இல் அது 30 ஆனது. 2017-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத் திருத்தம் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பக வசதியையும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையையும் தந்தது. சின்னப் பட்டறைகளில் வேலை செய்யும் பெண்களும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தெருக்கோடிக் காப்பகத்துக்கு உரிமம் கிடைக்கும் வழியைச் சொல்லிக்கொடுங்கள்.

7. ஒரு காப்பகத்தை மூடும்போது, நாளைக் காலை அந்தப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். பூட்டிய வீட்டுக்குள்ளா? பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட அக்காவின் இடுப்பிலா? ஆபத்து உடனடியானது என்றால் அன்றே மூடத்தான் வேண்டும். ஆனால் தாய்மார்களுக்கு நீங்களே சொல்லுங்கள். பக்கத்து அங்கன்வாடியிலோ வேறு காப்பகத்திலோ இடம் கேட்டுவிட்டு நகருங்கள்.

8. எந்தத் தளர்வையும் எழுத்தில் கொடுங்கள். எந்த விதி, என்ன காரணம், அதற்குப் பதில் என்ன ஏற்பாடு, எந்தத் தேதி வரை என்று நான்கும் இருக்கட்டும். வாய்ச்சொல்லாகக் கொடுக்கும் சலுகை, பணத்துக்கு விற்கப்படும் சலுகையாக மாற அதிக நாள் ஆகாது. எழுதிய தேதியன்று திரும்பப் போய்ப் பாருங்கள். போக முடியாது என்று தெரிந்தால் அந்தத் தளர்வைக் கொடுக்காதீர்கள்.